பழைய லேப்டாப்புக்கு மறுவாழ்வு

(கல்லங்குறிச்சியில் நடந்த நம் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கணக்குக் குழுவினர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாசக் கூட்டத்துல ஒரு அக்கா எழுந்து கேட்டாங்க: "ஏம்மா, நம்ம லேப்டாப்பு செத்துப்போச்சு, காயலாங்கடையில போடணும்னு சொன்னீங்க. இப்ப அதுலயே கணக்கு பிரிண்ட் எடுத்துக் குடுக்கறீங்க. என்னதான் செஞ்சீங்க?" அன்றைக்கு நேரம் இல்லை. இன்றைக்கு அதற்கென்றே நேரம் ஒதுக்கித் தந்திருக்கிறீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறோம். நாங்கள் செய்த தப்பையும் மறைக்காமல் சொல்கிறோம். அந்தத் தப்பை இன்னொரு குழு செய்யக்கூடாது, அதுக்காகத்தான்.

முதலில் எங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கணக்குக் குழுவில் நாங்கள் மூன்று பேர். ஒருவர் பன்னிரண்டாவது, ஒருவர் பத்தாவது, ஒருவர் எட்டாவதோடு நின்றவர். கம்ப்யூட்டர் படிப்பு படித்தவர் யாரும் இல்லை. ஆகவே, "இதெல்லாம் படிச்சவங்க வேலை" என்று நினைக்காமல் கேளுங்கள்.

லேப்டாப் வந்த கதை

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு எல்காட் நிறுவனம் மூலமாக லேப்டாப் வாங்கிக் கொடுத்தார்கள். நம் ஊக்குநர் அக்காவின் மகள் 2013-ல் பிளஸ் டூ படிக்கும்போது ஒன்று வாங்கினாள். படிப்பு முடிந்து கோயம்புத்தூரில் வேலை கிடைத்ததும், "கூட்டமைப்புக்கு வெச்சுக்கோங்க" என்று கொடுத்துவிட்டாள். 2018 முதல் நம் குழுக்களின் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் கணக்கெல்லாம் அதில்தான் ஏறியது. உறுப்பினர்களின் ஆதார் நகல், பாஸ் புத்தக நகல்கூட அதற்குள்தான் இருந்தது.

அந்த லேப்டாப்பில் இரண்டு இயங்குதளம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒன்று விண்டோஸ் 7. இன்னொன்று பாஸ் லினக்ஸ். பாஸ் என்பது நம் நாட்டிலேயே, சென்னையில் உள்ள சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. தமிழும் அதில் உண்டு. ஆனால் உள்ளதைச் சொன்னால், இத்தனை வருஷத்தில் நாங்கள் அதை ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை.

"இயங்குதளம்னா என்னம்மா?" என்று கேட்பீர்கள். ஒரு குழுவில் உறுப்பினர் இருக்காங்க, பணம் இருக்கு, நோட்டு இருக்கு. ஆனாலும் நாள் குறித்துக் கூட்டி, யார் எதைச் செய்யணும்னு சொல்ல ஒரு ஊக்குநர் வேண்டும் அல்லவா? கம்ப்யூட்டரில் திரை, விசைப்பலகை, ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் சேர்த்து வேலை வாங்குகிற ஊக்குநர்தான் இயங்குதளம். ஊக்குநர் சரியில்லை என்றால் குழுவையா கலைப்போம்? ஊக்குநரைத்தானே மாற்றுவோம்!

என்ன கெட்டது?

லேப்டாப்பை ஆன் செய்துவிட்டு, டீ போட்டுக் குடித்து முடித்தால்தான் திரை வரும். அது பரவாயில்லை. விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தம் கொடுப்பதை அந்த நிறுவனம் 2020 ஜனவரி 14-ஓடு நிறுத்திவிட்டது. இணையம் பார்க்கும் குரோம் பிரவுசரும் 2023-லிருந்து அதற்குப் புதுப் பதிப்பு தருவதில்லை. இதனால் சில பக்கங்கள் திறப்பதே இல்லை. விண்டோஸ் 10 போடலாம் என்றால், அதற்கும் 2025 அக்டோபர் 14-ஓடு இலவச ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜி.பி. நினைவகமும், ஒரு தனிப் பாதுகாப்புச் சில்லும் வேண்டுமாம். நம்முடையதில் இருந்ததோ 2 ஜி.பி.

ஒரு கடையில் காட்டினோம். பார்த்தவுடனே, "காயலாங்கடையில போட்டுட்டுப் புதுசு வாங்குங்க, 35 ஆயிரம் ஆகும்" என்றார்கள். 35 ஆயிரத்துக்கு நாங்கள் எங்கே போவோம்? அதோடு, காயலாங்கடைக்குப் போனால் லேப்டாப் மட்டுமா போகும்? உள்ளே இருக்கும் உங்கள் ஆதார் நகலும் சேர்ந்தல்லவா போகும்!

அந்த நேரம் பார்த்து நம் குழுக்களில் ஒன்று வங்கிக் கடனுக்கு மனுப் போட்டிருந்தது. மூன்று வருஷக் கணக்கை 10 நாளில் கொண்டு வரச் சொன்னார்கள். தவறினால் அந்தச் சகோதரிகள் அடுத்த தடவைவரை காத்திருக்க வேண்டும். ஆடு வாங்க முன்பணம் கொடுத்தவர்கள் அதில் இருந்தார்கள். எங்களுக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

கோயம்புத்தூர்ப் பெண்ணுக்குப் போன் போட்டோம். அவள் சொன்னாள்: "பெரியம்மா, மெஷின் கெடலை. உள்ள ஓடுற மென்பொருள்தான் பழசாயிடுச்சு. லேசான லினக்ஸ் ஒண்ணு போட்டுப் பாருங்க. நான் போன்ல கூடவே இருக்கேன்."

லினக்ஸ் யாருடையது?

பின்லாந்து நாட்டில் லினஸ் டார்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் 1991-ல் இதன் கருவை எழுதி, "யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம்" என்று பொதுவில் வைத்தார். அதற்கு முன்பே, 1983-ல், அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் கட்டற்ற மென்பொருளுக்கான வேலையைத் தொடங்கியிருந்தார். இந்த இரண்டு உழைப்பும் சேர்ந்து, உலகம் முழுக்கப் பல ஆயிரம் பேர் கை போட்டு வளர்த்ததுதான் இன்றைய லினக்ஸ். விலை கிடையாது. அண்டை மாநிலமான கேரளத்தில் பள்ளிப் பிள்ளைகள் இதில்தான் படிக்கிறார்கள். நம்ம எல்காட் நிறுவனமே 2007 வாக்கில் தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றியது. நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் உள்ளே இருப்பதும் லினக்ஸின் கருதான். ஆக, நாம் தினமும் தொட்டுக்கொண்டிருப்பதுதான், புதுசு இல்லை.

லினக்ஸில் பல வகை உண்டு. லேப்டாப்பில் இருந்த பாஸ் ரொம்பப் பழைய பதிப்பு. பழைய மெஷினுக்கு லேசாக இருக்கட்டும் என்று அவள் சொன்னபடி 'லுபுண்டு' என்ற வகையை எடுத்தோம். பழைய 2 ஜி.பி. ரேம் ஒன்றை 300 ரூபாய்க்கு வாங்கிக் கூடுதலாகப் போட்டு, 4 ஜி.பி. ஆக்கினோம்.

இனி, வந்த தொல்லைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

தொல்லை 1: இறக்கிய கோப்பு அரைகுறை

லுபுண்டு சுமார் 3 ஜி.பி. அளவு. எங்கள் போனிலோ ஒரு நாளைக்கு 2 ஜி.பி. டேட்டாதான். பாதியில் நின்று, மறுநாள் தொடர்ந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தோம். பக்கத்து வீட்டுக் கல்லூரித் தம்பியின் லேப்டாப்பில் சரிபார்த்தபோதுதான் கோப்பு கெட்டிருந்தது தெரிந்தது.

எப்படித் தெரியும்? இறக்கும் தளத்திலேயே ஒரு நீளமான சரிபார்ப்பு எண் கொடுத்திருப்பார்கள். நம்மிடம் வந்த கோப்புக்கும் அதே எண் வருகிறதா என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி இறக்க வேண்டும். பணக்கட்டின் மேல் எழுதிய தொகையை நம்பாமல் நாம் எண்ணிப் பார்க்கிறோமே, அது மாதிரிதான்.

தொல்லை 2: பென்டிரைவை லேப்டாப் கண்டுகொள்ளவில்லை

இதில் இரண்டு காரணம் இருந்தது. முதல் காரணம் எங்கள் தப்பு. இறக்கிய கோப்பைப் பாட்டு ஏற்றுவதுபோல பென்டிரைவில் அப்படியே நகல் எடுத்துவிட்டோம். அது வேலை செய்யாது. ரூஃபஸ் அல்லது எட்சர் மாதிரி ஒரு மென்பொருளைக் கொண்டு, பென்டிரைவிலிருந்தே கம்ப்யூட்டர் கிளம்பும்படி எழுத வேண்டும். 8 ஜி.பி. பென்டிரைவ் போதும். அதில் முன்பு இருந்தது எல்லாம் அழிந்துவிடும் என்பதை ஞாபகம் வையுங்கள்.

இரண்டாவது காரணம், லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஹார்ட் டிஸ்க்கைத்தான் பார்க்கும். பென்டிரைவை முதலில் பார் என்று நாம்தான் சொல்ல வேண்டும். ஆன் செய்த அடுத்த நொடியே ஒரு விசையை விட்டு விட்டுத் தட்ட வேண்டும். சில மெஷினில் எஃப் 12, சிலதில் எஃப் 2, எஃப் 9 அல்லது எஸ்கேப் விசை. ஆன் செய்யும்போது திரையின் ஓரத்தில் பொடி எழுத்தில் அது வந்து போகும். எங்களுக்கு நாலாவது தடவைதான் பிடிபட்டது.

தொல்லை 3: கறுப்புத் திரை

பென்டிரைவிலிருந்து கிளம்பியது. பட்டியல் வந்தது. முதல் வரியைத் தேர்ந்ததும் திரை கறுத்துப்போய் அப்படியே நின்றது. "போச்சுடி, வீணாப்போச்சு" என்றே நினைத்தோம். அந்தப் பெண் போனில் சிரித்தாள். "பட்டியல்ல இன்னொரு வரி இருக்கும், சேஃப் கிராபிக்ஸ்னு. அதைத் தேர்ந்தெடுங்க" என்றாள். திரையை இயக்கும் சில்லோடு சில நேரம் ஒத்துப்போகாதாம். அந்த வரியைத் தேர்ந்தால் எளிய முறையில் திரை வரும். வந்தது!

இன்னொரு நல்ல விஷயம். லினக்ஸை லேப்டாப்பில் பதியாமலே, பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். மாப்பிள்ளை வீடு பார்க்கிற மாதிரி! திரை, விசைப்பலகை, சத்தம், வைஃபை எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம். எங்களுக்கு வைஃபை மட்டும் வரவில்லை. அதைப் பிறகு சொல்கிறோம்.

எங்கள் பெரிய தப்பு

இங்கேதான் நாங்கள் தலை குனிய வேண்டியிருக்கிறது.

பதிய ஆரம்பிக்கும் முன் கணக்குக் கோப்புகளையெல்லாம் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்தோம். ஒரே ஒரு பென்டிரைவ். நகல் ஆனதும் சட்டென்று பிடுங்கிப் பையில் போட்டுவிட்டோம். திறந்து பார்க்கவில்லை. பதியும்போது "டிஸ்க் முழுவதையும் அழித்துப் பதி" என்பதைத் தேர்ந்தோம்.

பாதிக்கு மேல் ஓடியிருக்கும். லேப்டாப் அடுப்பு மாதிரிக் கொதித்து, தானாக அணைந்துவிட்டது. மறுபடி போட்டால், "இயங்குதளம் இல்லை" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. விண்டோஸும் போச்சு, லினக்ஸும் வரவில்லை. ராத்திரி மணி 10.

பயத்தில் அந்தத் தம்பியின் லேப்டாப்பில் நகல் பென்டிரைவைப் போட்டுப் பார்த்தோம். மற்ற குழுக்களின் கோப்பெல்லாம் திறந்தது. ஒரே ஒரு குழுவின் கோப்புகள் மட்டும் திறக்கவில்லை. எது என்று நினைக்கிறீர்கள்? கடன் மனுப் போட்ட அதே குழு!

எழுதி முடிக்கும் முன்பே பிடுங்கியதால் கடைசியாக நகலானது கெட்டுப்போயிருக்கிறது. பென்டிரைவை "பாதுகாப்பாக வெளியேற்று" என்று சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. அவசரம்.

மறுநாள் காலையில் அந்தக் குழுவின் ஊக்குநர் அக்கா வீட்டுக்குப் போய் நின்றோம். வாய் வரவில்லை. விஷயத்தைச் சொன்னோம். அவங்க ஒண்ணும் பேசலை. உள்ளே போய் ஒரு மஞ்சப்பையை எடுத்துவந்து திண்ணையில் வைத்தாங்க. மூன்று வருஷத்துப் பேரேடு, ரொக்கப் புத்தகம், தீர்மானப் புத்தகம் எல்லாம் வரிசையாக இருந்தது. "கம்ப்யூட்டர் வந்துருச்சு, இனி நோட்டு எதுக்குன்னு நீங்கதான் சொன்னீங்க. நல்லவேளை, நான் கேக்கலை" என்றாங்க. அந்த ஒரு வார்த்தை போதும் எங்களுக்கு. திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

நம் ஊர்ப் பெருமாள் கோயில் தேர் எல்லோருக்கும் தெரியும். வடம் பிடிக்க எத்தனை பேர் இருந்தாலும், முட்டுக்கட்டை போடுகிறவர் இல்லாமல் தேரை நகர்த்துவார்களா? நகல் என்பது முட்டுக்கட்டை. நாங்கள் அது சரியாக இருக்கிறதா என்று பார்க்காமலே தேரை இழுத்துவிட்டோம்.

ஆகவே மூன்று விதி. நகல் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். இரண்டையும் வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்க வேண்டும். நோட்டு எழுதுவதை எந்தக் காலத்திலும் நிறுத்தக்கூடாது.

தொல்லை 4: கொதித்து அணைந்தது

சுண்ணாம்புக்கல் லாரி போகிற ஊர் நம் ஊர். வீட்டுப் பாத்திரத்தில் படிகிற தூசி லேப்டாப்புக்குள் போகாதா? மெக்கானிக் பின்பக்கத்தைக் கழற்றினார். உள்ளே காற்றாடியும், சூட்டை வெளியே தள்ளும் தகடும் தூசியில் கம்பளி போர்த்தியது மாதிரி இருந்தது. பிரஷ் போட்டுத் துடைத்ததும் சூடு தணிந்தது. இத்தனை நாள் மெதுவாக ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம். சூடு ஏறினால் மெஷின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது துடைத்துவிடுங்கள். மெத்தை, துணி மேல் லேப்டாப்பை வைத்து ஓட்டாதீர்கள்.

பிறகு, பலகை மேல் வைத்து, சார்ஜரைச் செருகியபடி மறுபடி பதிந்தோம். இந்தத் தடவை ஒழுங்காக முடிந்தது.

தொல்லை 5: பென்டிரைவ் இருந்தால்தான் கிளம்புகிறது

முடிந்தது என்று கைதட்டினோம். பென்டிரைவை எடுத்துவிட்டு ஆன் செய்தால், மறுபடி அதே "இயங்குதளம் இல்லை". பென்டிரைவைச் செருகினால் நன்றாகக் கிளம்புகிறது. இது என்ன வேடிக்கை?

லினக்ஸைக் கிளப்பிவிடுவதற்கு 'க்ரப்' என்று ஒரு சின்ன நிரல் உண்டு. அது ஹார்ட் டிஸ்க்கில் உட்கார வேண்டும். பதியும்போது "கிளப்பும் நிரலை எங்கே வைக்க?" என்று ஒரு கேள்வி வந்திருக்கிறது. நாங்கள் கவனிக்காமல் பென்டிரைவைத் தேர்ந்திருக்கிறோம். நம் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு ஆணியில் மாட்டிய கதை!

தீர்வு சுலபம். பென்டிரைவைச் செருகிக் கிளப்பி, உள்ளே போய், ஹார்ட் டிஸ்க்கின் பெயரைச் சொல்லி க்ரப்பை அங்கே எழுதும் ஒரு வரிக் கட்டளை கொடுத்தோம். டிஸ்க்கின் பெயரை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும். அளவை வைத்து அடையாளம் காணலாம். 8 ஜி.பி. என்றால் பென்டிரைவ், 320 ஜி.பி. என்றால் நம் டிஸ்க். அந்தப் பெண் கட்டளையை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். ஒருவர் நோட்டில் எழுதினோம், ஒருவர் படித்தோம், ஒருவர் தட்டினோம். மூன்று பேரும் சரிபார்த்த பிறகுதான் என்டர்.

தொல்லை 6: வைஃபை இல்லை

சில வைஃபை சில்லுகளுக்குத் தேவையான நிரலை, அந்தச் சில்லு செய்யும் நிறுவனம் பொதுவில் தருவதில்லை. அதனால் லினக்ஸோடு சேர்ந்து வராது. அதை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். வைஃபை இல்லாமல் இணையம் ஏது? இங்கேதான் போன் கைகொடுத்தது. சார்ஜர் வயரால் போனை லேப்டாப்போடு இணைத்து, போனில் "யு.எஸ்.பி. டெதரிங்" என்பதை ஆன் செய்தால், போனின் இணையம் வயர் வழியாகவே வந்துவிடும். பிறகு "கூடுதல் டிரைவர்கள்" என்ற இடத்தில் தேடச் சொன்னோம். அதுவே கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டது.

தொல்லை 7: எந்தப் பக்கமும் திறக்கவில்லை

இணையம் வந்தது. ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் "இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று பயமுறுத்தியது. அரை நாள் மண்டையைக் குடைந்தோம். எங்கள் எட்டாவது படித்த தோழிதான் கண்டுபிடித்தார். "திரையோட மூலையில தேதியப் பாருங்கடி!" பார்த்தால் பல வருஷம் பின்னால் போயிருந்தது.

இணையத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அதற்குத் தொடங்கும் தேதி, முடியும் தேதி உண்டு. நம் கம்ப்யூட்டரின் தேதி தப்பாக இருந்தால் சான்றிதழ் செல்லாது என்று சொல்லிவிடும். தேதியைச் சரி செய்ததும் எல்லாம் திறந்தது. லேப்டாப்பை அணைத்தாலும் தேதியைக் காப்பாற்ற உள்ளே நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். அது தீர்ந்துபோயிருந்தது. மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றினோம். ஆனது 60 ரூபாய்.

தொல்லை 8: தமிழ் கிறுக்கலாகத் தெரிந்தது

கணக்குக் கோப்புகள் லிப்ரே ஆபிசில் நன்றாகத் திறந்தன. கூட்டல் எதுவும் மாறவில்லை. பழைய தீர்மானங்களைத் திறந்தால் மட்டும் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து கிறுக்கலாக வந்தது. கோப்பு கெடவில்லை. அந்தக் காலத்து எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துக்கான இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கிலமாகத்தான் தெரியும். இதைப் போக்கத்தான் ஒருங்குறி என்கிற யூனிகோடு வந்தது. தமிழக அரசும் 2010-ல் அதை ஏற்றுக்கொண்டது. எழுத்துரு மாற்றி ஒன்றில் பழைய தீர்மானங்களைக் கொடுத்து யூனிகோடாக மாற்றிவிட்டோம். இனி எந்தக் கம்ப்யூட்டரிலும், போனிலும் தமிழாகவே திறக்கும்.

தட்டச்சுக்கு 1999-ல் அரசு ஏற்ற தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டோம். இடது கைக்கு உயிர், வலது கைக்கு மெய். ஒரு வாரத்தில் கை பழகிவிடுகிறது.

கடைசியில் என்ன ஆயிற்று?

மஞ்சப்பையில் வந்த நோட்டுகளை வைத்து, இரண்டு ராத்திரி உட்கார்ந்து அந்தக் குழுவின் மூன்று வருஷக் கணக்கையும் புதிதாக ஏற்றினோம். ஏற்றும்போது ஒரு மாச உள்கடன் வட்டியில் 40 ரூபாய் வித்தியாசம் வந்தது. தேடினால், பழைய தடவை கம்ப்யூட்டரில் ஏற்றியபோது நாங்கள்தான் தப்பாக ஏற்றியிருக்கிறோம். நோட்டில் சரியாக இருந்தது. ஒன்பதாம் நாள் பிரிண்ட் எடுத்து வங்கியில் கொடுத்தோம். மனு ஏற்கப்பட்டது. கடனும் வந்துவிட்டது. ஆடு வாங்கியவர்கள் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டோம். இணையத்தில் நாலைந்து பக்கம் ஒன்றாகத் திறந்தால் இன்னமும் திணறுகிறது. பேட்டரி முக்கால் மணி நேரம்தான் நிற்கிறது. விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் இதில் அப்படியே ஓடாது. அப்படி ஏதாவது உங்கள் குழுவுக்குக் கட்டாயம் தேவையென்றால் விண்டோஸை அழிக்காதீர்கள். இடம் பிரித்து இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். நம் கணக்கு வேலைக்கு இது போதும். செலவு, பென்டிரைவ், ரேம், தூசி துடைத்த கூலி எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய்க்குள். ரசீது கோப்பில் இருக்கிறது. யாரும் பார்க்கலாம்.

சகோதரிகளே! தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழு 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியபோது, கையெழுத்துப் போடப் பழகியதுதான் நம் பெண்களின் முதல் வெற்றி. கைநாட்டு வைத்த காலத்தில், காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. யாரோ படித்துச் சொல்வதை நம்பினோம். இன்றைக்கு நம் கணக்கு ஒரு பெட்டிக்குள் போய்விட்டது. அந்தப் பெட்டியைத் திறக்க ஒவ்வொரு தடவையும் யார் கையையோ எதிர்பார்த்தால், அது மறுபடியும் கைநாட்டு வைக்கிற கதைதானே?

கோளாறு என்பது பூதம் இல்லை. ரொக்கம் இடித்தால் நாம் என்ன செய்வோம்? ஒவ்வொரு வரியாகப் பின்னால் போய்ப் பார்ப்போம். கம்ப்யூட்டரும் அப்படித்தான். என்ன எழுதிக் காட்டுகிறது என்று படியுங்கள். அதை நோட்டில் எழுதுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலைந்தைச் சேர்த்து மாற்றினால் எது சரியானது என்றே தெரியாமல் போகும்.

கேட்பதற்கும் ஆள் உண்டு. சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. சம்பளம் வாங்காமல் சொல்லிக் கொடுக்கிறார்கள். 'கணியம்' என்ற மின்னிதழ் 2012 முதல் தமிழிலேயே இதையெல்லாம் எழுதி இலவசமாகத் தருகிறது. அவர்களும் நம்மைப்போலக் குழுதான். நாம் சேமிப்பைப் பகிர்கிறோம், அவர்கள் அறிவைப் பகிர்கிறார்கள்.

நம் பகுதியில் எத்தனையோ வீட்டுப் பரணில் அரசு கொடுத்த லேப்டாப் தூங்குகிறது. அதைத் தூசி தட்டிக் கொண்டுவாருங்கள். குழுவுக்கு ஒரு பெண் வந்தால் போதும், நாங்கள் கூட இருந்து செய்து கொடுக்கிறோம். எட்டு தொல்லைக்கும் தீர்வு எழுதிய நோட்டு அலுவலக அலமாரியில் இருக்கிறது. உங்களுக்கு ஒன்பதாவது தொல்லை வந்தால், அதையும் தீர்த்து, அந்த நோட்டிலேயே எழுதி வையுங்கள். அடுத்து வருகிறவளுக்கு உதவும்.

வரும்போது மறக்காமல் கணக்கு நோட்டையும் மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்!